குப்பை வண்டி வராத ஊர்

ஜப்பானின் ஷிகோகு தீவில், தொகுஷிமா மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கிறது காமிகாட்சு. 1,500-க்கும் குறைவானோர் வாழும் இந்த ஊரில் வீடு வீடாகக் குப்பை வண்டி வருவதில்லை. அவரவர் வீட்டுக் குப்பையை அவரவரே கழுவிக் காயவைத்து, ஊருக்குப் பொதுவான நிலையத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துப் போடுகிறார்கள்.

இது நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு. ஒரு காலத்தில் இங்கே குப்பையைத் திறந்தவெளியில்தான் எரித்தார்கள். பிறகு சிறிய எரியுலைகள் இரண்டு வந்தன. அவற்றின் புகையில் கலந்த டையாக்சின் நச்சுக்கு அரசு கடும் கட்டுப்பாடு விதிக்கவே, சில ஆண்டுகளிலேயே உலைகளை மூட வேண்டியதாயிற்று. புதிதாக உலை கட்ட ஊரிடம் வசதி இல்லை. குப்பையைக் குறைப்பது ஒன்றே வழி என்றானது.

சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் பழக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மின்சார உரக் கலன் வாங்குவோருக்கு ஊர் நிர்வாகம் தாராளமாக மானியம் கொடுத்தது. மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான் என்று சொல்லலாம். ஈரக் கழிவு வீட்டை விட்டு வெளியே வராததால் நிலையத்துக்கு வருவது உலர்ந்த பொருள்கள் மட்டுமே. நாற்றமும் ஈயும் இல்லாத இடத்தில் நின்று நிதானமாகப் பிரிக்க முடிகிறது.

ஆரம்பத்தில் எதிர்ப்பு இருந்தது. இத்தனை வகையா என்று மக்கள் மலைத்தார்கள். அதிகாரிகள் குடியிருப்புதோறும் கூட்டம் போட்டுப் பொறுமையாக விளக்கினார்கள். அதைவிடவும் கைகொடுத்தவை தொட்டிகளின் மேலுள்ள பலகைகள் எனலாம். பாட்டிலின் மூடி ஓரிடம், அதன் உடல் வேறிடம். காகிதத்திலேயே செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பால் பெட்டி என்று தனித்தனி. ஒவ்வொரு பொருளும் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, கிலோவுக்கு ஊருக்கு வரவு எவ்வளவு அல்லது செலவு எவ்வளவு என்பதெல்லாம் பலகையில் இருக்கும். போடும் கைக்கே கணக்கு தெரிந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் கேட்க ஊழியர்களும் உண்டு.

ஊர்க்காரர்களில் பாதிப்பேர் முதியவர்கள். வாகனம் இல்லாதவர்களின் வீடுகளுக்கு மட்டும் நிர்வாகமே ஆள் அனுப்பிக் குப்பையை எடுத்துக்கொள்கிறது. இந்த அக்கறை இல்லாமல் திட்டம் நிலைத்திருக்காது. நிலையத்தை ஒட்டி ‘குரு-குரு’ என்றொரு கடை இருக்கிறது. தமக்கு வேண்டாத பாத்திரம், துணி, பொம்மைகளை ஊரார் அங்கே வைக்கிறார்கள். வேண்டியவர் காசில்லாமல் எடுத்துப்போகலாம். எடுத்ததன் எடையை மட்டும் குறித்துவைக்க வேண்டும்.

2003இல், எரிப்பதும் புதைப்பதும் இல்லாத நிலையை 2020க்குள் எட்டுவோம் என்று காமிகாட்சு அறிவித்தது. ஜப்பானில் இப்படி அறிவித்த முதல் ஊர் அதுவே. இலக்கு முழுதாகக் கைகூடவில்லை என்றாலும், குப்பையில் சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது; நாட்டின் சராசரி ஏறத்தாழ 20 சதவீதம்தான்.

மிஞ்சுவது டயப்பர், சானிட்டரி நாப்கின், தோல், ரப்பர், சில வகை பிளாஸ்டிக் ஆகியவை. வீட்டில் எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் இவற்றை மறுசுழற்சிக்கு அனுப்ப வழியில்லை. தயாரிக்கும் நிறுவனங்கள் பொருளின் வடிவமைப்பை மாற்றினால்தான் இந்தப் பங்கு குறையும்.