சிங்கப்பூரில் வசந்தகாலம் உண்டா? மார்ச்சில் சுங்கை பூலோ பக்கம் போய்ப் பாருங்க!

வெயில், மழை. நமக்குத் தெரிந்த பருவங்கள் இவ்வளவுதான். வசந்தகாலம் என்றாலே ஜப்பான் போனவர்கள் போடும் படங்கள்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனால், வசந்தம் நெருங்குவதை நேரில் பார்க்கலாம். மரங்களில் இல்லை, பறவைகளின் இறகுகளில்!

அதெப்படி?

ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் சைபீரியா போன்ற குளிர்ப் பகுதிகளிலிருந்து கரைப்பறவைகள் இங்கே வருகின்றன. ரஷ்யா, அலாஸ்காவில் தொடங்கி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் அவற்றின் வான்வழிப் பாதையில் சிங்கப்பூர் ஒரு நிறுத்தம். வடக்கே பனி உருகும் நேரம் நெருங்கியதும், முட்டையிட அவை வீடு திரும்புகின்றன. அதற்கு முன்னால் 'உடை' மாற்றிக்கொள்கின்றன.

எந்தப் பறவையைக் கவனிக்கலாம்?

• பசிபிக் கோல்டன் பிளவர்: உப்புக்கொத்தி இனம். வரும்போது மங்கலான பழுப்பு நிறம். கிளம்பும் நேரத்தில் முகமும் வயிறும் கறுப்பாக மாறத் தொடங்கும். பாதி மாறிய பறவையைப் பார்த்தால் யாரோ மை கொட்டியதுபோல் இருக்கும்.

• கர்லியூ சாண்ட்பைப்பர்: உள்ளான் இனம். சாம்பல் நிறத்திலிருந்து செங்கல் சிவப்புக்கு மாறும். 2024இல் இதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தினார்கள்.

• ரெட்‌ஷாங்க்: தமிழில் பவளக்காலி. பெயரே அடையாளம், கால் பவளச் சிவப்பு.

எந்த நேரத்துக்குப் போவது?

இங்கேதான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். கடிகாரத்தைப் பார்க்காதீங்க, கடல்மட்டத்தைப் பாருங்க.

நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் மண்டாய் சேற்றுப்பரப்பில் புழு, நண்டு தேடிப் போய்விடும். நீர் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும், ஓய்வெடுக்கச் சுங்கை பூலோ குளங்களுக்கு வந்து கூட்டமாக நிற்கும். அதனால் நீர் உயரும் நேரத்தை இணையத்தில் பார்த்துவிட்டு, அதற்குக் கொஞ்சம் முன்னதாகவே போய் மறைவிடத்தில் உட்காருங்கள்.

ஏன் சத்தம் போடக்கூடாது?

நெடும்பயணத்துக்கு எரிபொருள் உடம்பில் சேரும் கொழுப்புதான். சில இனங்கள் கிளம்புமுன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். ஒரு நல்ல படத்துக்காக நீங்கள் கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் எழுந்து பறக்கும். சேர்த்துவைத்த கொழுப்பு அப்படியே வீணாகும்.

வழியில் அவை இறங்கிச் சாப்பிடும் முக்கிய இடம் சீனா, கொரியாவுக்கு இடையிலுள்ள மஞ்சள் கடல். அங்கே சேற்றுப்பரப்பின் பெரும்பகுதி நிலமீட்பால் மறைந்துவிட்டது. 2019இலும் 2021இலும் அக்கரையோரத்தின் சில பகுதிகள் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அப்படியிருக்க, மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு நிறுத்தமும் முக்கியம். நம்முடையதும்தான்.

பூக்கள்?

நம் ஊர்ப் பூக்கள் பலவற்றுக்கு வசந்தம் தேவையில்லை, ஆண்டு முழுவதும் பூக்கும்.

நீர்ப்பருத்தி மரத்தைத் தேடுங்கள். இதய வடிவ இலை, செம்பருத்தி போன்ற பூ. காலையில் மஞ்சளாக விரியும், மாலையில் ஆரஞ்சுச் சிவப்பாகி உதிரும். அதன் நெருங்கிய சொந்தம் பூவரசு. இலையைச் சுருட்டி 'பீப்பி' ஊதியது உங்கள் பாட்டிக்கு நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

மணல் கடற்கரைப் பக்கம் போனால் தரையோடு படரும் ஊதாப் பூவைப் பார்ப்பீர்கள். 'பீச் மார்னிங் குளோரி' என்று படித்திருப்பீர்கள். தமிழில் அடும்பு. சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலப் பூக்களில் ஒன்று. வகுப்பில் மனப்பாடம் செய்த நெய்தல், காலடியில் கிடக்கிறது!

கிளம்புமுன்:

• காப்பகம் காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை திறந்திருக்கும். கட்டணம் இல்லை.

• கிராஞ்சி எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து 925 எண் பேருந்து போகும்.

• தொலைநோக்கி, தண்ணீர், கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

• பாதையை விட்டு இறங்காதீர்கள். பறவைகளுக்காக மட்டுமல்ல, அங்கே முதலைகளும் உண்டு!

• பூவைப் பறிக்க வேண்டாம். படம் போதும்.

ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலான பறவைகள் கிளம்பிவிடும். தவறவிட்டால் செப்டம்பரில் மறுபடியும் பார்க்கலாம்.