கம்ப்யூட்டர் கரகரக்கிறதா? பாட்டு இனிமையாகக் கேட்க வழி!

கம்ப்யூட்டர் பாடுகிறது. ஆனால் சில வீடுகளில், பாட்டோடு சேர்ந்து "உர்ர்" என்று ஓர் இரைச்சலும் வருகிறது. மவுசை நகர்த்தினால் "கீச், கீச்" என்று சத்தம்!

"சவுண்டு கார்டை மாற்று. எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

மாற்றலாமா? பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

எண்கள் பாட்டாகும் விந்தை

கம்ப்யூட்டருக்குப் பாட்டுத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள்தான்.

1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில், ஒரு காதுக்கு ஒரு வினாடிக்கு 44,100 எண்கள் வீதம் பாட்டு பதிவாகி இருக்கிறது. அந்த எண்களை மின்சார அலையாக மாற்றுவதுதான் சவுண்டு கார்டின் வேலை. ஸ்பீக்கர் அந்த அலையை ஒலியாக்குகிறது.

இந்தக் கார்டை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர், சிங்கப்பூரைச் சேர்ந்த சிம் வோங் ஹூ. மவுத் ஆர்கன் வாசிப்பதில் ஆசை உள்ளவர். 1981-ல் ஒரு சிறிய கடையில் தொழில் தொடங்கினார். 1989-ல் அவருடைய கம்பெனி "சவுண்டு பிளாஸ்டர்" கார்டை வெளியிட்டது. அதற்கு முன்பு பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் "பீப், பீப்" என்று கத்தத்தான் செய்தன! 2023-ம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார்.

இப்போது கார்டைத் தனியாக வாங்க வேண்டியது இல்லை. கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையிலேயே அந்தப் பாகம் சேர்ந்து வருகிறது. அதில்தான் ஒரு தொல்லை. பக்கத்திலேயே மற்ற பாகங்கள் வேலை செய்கின்றன. அவற்றின் மின்சாரச் சலசலப்பு பாட்டிலும் கலந்துவிடுகிறது. மவுசை நகர்த்தினால் கீச்சிடுவது இதனால்தான்.

தாத்தாவும் பேரனும்

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது சேந்தமங்கலம். முன்பு சேலம் மாவட்டம். 1997 முதல் நாமக்கல் மாவட்டம். அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டர். கையில் இருப்பது 2 ஆயிரம் ரூபாய்.

தாத்தாவுக்கு "மந்திரி குமாரி" பாட்டு வேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த படம் அல்லவா? ஜி.ராமநாதன் இசை! பேரனுக்கோ புதுப் பாட்டு வேண்டும்.

அந்த 2 ஆயிரத்தையும் கார்டிலே போடலாமா? கூடாது.

முதலில் பாட்டைப் பாருங்கள். சி.டி.யில் ஒரு நிமிடப் பாட்டு சுமார் 10 மெகாபைட் இடம் பிடிக்கும். அதையே 128 கிலோபிட் எம்.பி.3 ஆகச் சுருக்கினால் 1 மெகாபைட்தான். சுருக்கும்போது சில நுட்பமான ஒலிகள் போய்விடுகின்றன. போனது போனதுதான்! எந்தக் கார்டு போட்டாலும் திரும்பி வராது. ஆகவே 320 கிலோபிட்டில் பதிந்த பாட்டாகத் தேடுங்கள்.

பழைய இசைத்தட்டில் இருந்து எடுத்த பாட்டில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும். அது பாட்டோடு பிறந்தது. தாத்தாவுக்கு அது பிடிக்கவும் கூடும்!

அடுத்தது ஸ்பீக்கர். தீப்பெட்டி போன்ற ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு கார்டை மாற்றுவது, கிழிந்த மத்தளத்துக்குப் புதுக் கயிறு கட்டுவது போல. பணத்தில் பெரும் பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். தவிலும் மிருதங்கமும் அப்போதுதான் தவிலாகவும் மிருதங்கமாகவும் கேட்கும்.

கார்டு மூன்றாவதுதான். பெட்டியைத் திறக்க வேண்டாம். யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய சவுண்டு கார்டுகள் சில நூறு ரூபாயில் இருந்தே கிடைக்கின்றன. அது பெட்டிக்கு வெளியே இருப்பதால், உள்ளே நடக்கும் சலசலப்பு பெரும்பாலும் அதை அண்டாது.

உயிருக்கு அபாயம்!

"உர்ர்" என்ற இரைச்சல் வேறு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த அலை ஸ்பீக்கர் ஒயரில் புகுந்தால் இப்படி முனகும்.

லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றதா? குற்றம் கார்டில் இல்லை, மின்சார இணைப்பில்தான். கம்ப்யூட்டரையும் ஆம்பிளிபயரையும் ஒரே பிளக் பலகையில் மாட்டுங்கள். பல வீடுகளில் அதிலேயே அடங்கிவிடும்.

சிலர் பிளக்கில் உள்ள தடித்த எர்த் முனையை உடைத்துவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் கசிகிற மின்சாரம் பூமிக்குப் போக வழி இருக்காது. இரும்புப் பெட்டியைத் தொடும் குழந்தையின் உடம்பு வழியாகப் போகும்! இந்த விஷப் பரீட்சை வேண்டவே வேண்டாம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பெட்டிக்குள்ளே பொருத்தும் கார்டுதான் வேண்டும் என்கிறீர்களா? பழைய பி.சி.ஐ. கார்டு புதிய பலகையில் நுழையாது. பலகையின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறுங்கள்.

ஸ்பீக்கர் வாங்கவும் வெறுங்கையோடு போகாதீர்கள். கடைக்காரர் எடுப்பாகக் கேட்கும் பாட்டாகப் பார்த்துத்தான் போட்டுக் காட்டுவார். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் பென் டிரைவில் கொண்டுபோய், அதையே போடச் சொல்லுங்கள். தாத்தாவையும் அழைத்துப் போங்கள்.