பொம்மைக்கு 5, சுங்கானுக்கு 40: கடைசல் தொழிலாளியின் வரிக் கணக்கு

புது தில்லி: மரக் கடைசல் பட்டறையில் ஒரு தொழிலாளி காலையில் பொம்மை கடைகிறார், மாலையில் அதே மரத்துண்டின் மீதியைக் கொண்டு புகையிலை புகைக்கும் சுங்கான் கடைகிறார். பொம்மைக்குச் சரக்கு, சேவை வரி (ஜிஎஸ்டி) 5 சதவீதம். சுங்கானுக்கு 40 சதவீதம்.

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி தலைநகரில் நடைபெற்ற ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-ஆவது கூட்டம் எடுத்த முடிவு இது. அந்த மாதம் 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சோப்பு, பற்பசை, சிறிய கார், காப்பீடு ஆகியவற்றின் வரி குறைந்த செய்தியே அன்று நாடெங்கும் பேசப்பட்டது. 40 சதவீதப் பட்டியலின் கடைசி வரிகளை அதிகம் பேர் படித்திருக்க மாட்டார்கள். சொந்த உபயோக விமானங்கள், உல்லாசப் படகுகள், கைத்துப்பாக்கிகள் ஆகியவற்றுக்கு அருகில், சுங்கானும் அதன் உதிரி பாகங்களும் இடம்பெற்றுள்ளன. அதுவரை அவற்றுக்கு 28 சதவீத வரி இருந்தது.

புகையிலை தொடர்பான பொருளுக்கு வரியை உயர்த்தியதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வரியின் சுமை யார் தோளில் இறங்குகிறது, அவருக்கு அரசு என்ன மாற்று வழி காட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

குர்லாவின் பட்டறைகள்:

மும்பைக்கு ரயிலில் செல்லும் தமிழர்களுக்கு குர்லா பழக்கமான பெயர். லோகமான்ய திலகர் முனையம் அமைந்திருப்பது அங்குதான். அங்கிருந்துதான் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் நம்மவர்கள் பிரிந்து செல்கிறார்கள். 1886-இல் ஜாம்ஷெட்ஜி டாடா ஒரு நொடித்த ஆலையை வாங்கி 'சுதேசி' என்று பெயரிட்டு நடத்தியதும் இதே குர்லாவில்தான். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. பத்மினி கார்களைத் தயாரித்த தொழிற்சாலையும் இல்லை. பெரிய ஆலைகள் மறைந்த இடத்தில் எஞ்சி நிற்பவை சிறு பட்டறைகள். மரவேலை, உலோக வேலை, பழைய சாமான் பிரிப்பு என்று ஓரறைக்குள் ஓடும் தொழில்கள்.

இத்தகைய பட்டறைகளில் மரவேலை செய்பவர்களில் பலர் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். அந்த மாநிலத்தின் சகாரன்பூர், மரச் செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்ற நகரம். 2018-இல் உத்தரப் பிரதேச அரசு தொடங்கிய 'ஒரு மாவட்டம் ஒரு பொருள்' திட்டத்தில் சகாரன்பூருக்கு உரிய பொருளாக அறிவிக்கப்பட்டதும் மரவேலைதான். சீஷம் மரத்தில் பெட்டிகள், திரைகள், தட்டுகள், சுங்கான்கள் எனப் பலவும் அங்கிருந்து வெளிநாடுகளுக்குச் செல்கின்றன.

நமக்கும் இந்தத் தொழில் அந்நியமன்று. அம்பாசமுத்திரத்தின் மரச் செப்புச் சாமான்கள் கடைசல் வேலையில் பிறந்தவையே. திருவள்ளூரில் எபோனைட் எனப்படும் கெட்டி ரப்பரைக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். சுங்கானின் வாய்ப்பகுதிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவதும் இதே எபோனைட்தான். பேனாவுக்கும் சுங்கானுக்கும் வேண்டிய கைப்பழக்கம் ஏறக்குறைய ஒன்றே.

வேரிலிருந்து வரும் கிண்ணம்:

மரச் சுங்கானின் தலைநகரம் என்று பிரான்ஸ் நாட்டின் ஜூரா மலைப் பகுதியில் உள்ள செயின்ட் கிளாட் நகரைச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு 'பிரையர்' மரம் பயன்பாட்டுக்கு வந்தது. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதர்ச் செடியின் வேர்முண்டு அது. தீயை எளிதில் பற்றாதது, சூட்டைத் தாங்குவது. களிமண் சுங்கான் உடையும். மற்ற மரங்கள் கருகும். இந்த வேர்முண்டோ பல ஆண்டுகள் தாங்கும்.

தோண்டி எடுத்த முண்டை ஈரம் காயாமல் வைத்திருந்து, துண்டுகளாக அறுத்து, தண்ணீரில் பல மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். மரச்சாறும் கசப்பும் அதில் வெளியேறும். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், நிழலில் உலர விடுவார்கள். அவசரப்பட்டால் மரம் வெடித்துவிடும்.

அதன்பின் துளையிடுதல். புகையிலை நிரப்பும் கிண்ணக் குழி ஒன்று; புகை வரும் மெல்லிய துளை மற்றொன்று. மெல்லிய துளை, கிண்ணக் குழியின் அடியில் மிகச் சரியாக வந்து சேர வேண்டும். சற்று மேலே சேர்ந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரத்துடன் தேங்கும். சற்று கீழே இறங்கினால் அடிப்பகுதி மெலிந்து கருகி ஓட்டை விழும். இந்த இரு துளைகளும் சரியாக அமைந்த பிறகே வெளி உருவம் செதுக்கப்படுகிறது. அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, சாயம் ஏற்றி, மெழுகு பூசுவதுடன் வேலை முடிகிறது.

நம் நாட்டில் பிரையர் விளைவதில்லை. இந்தியத் தொழிலாளி சீஷம், ஈட்டி போன்ற உள்நாட்டு மரங்களில்தான் சுங்கான் செய்கிறார். இந்த மரங்களின் தூள் தோலையும் மூச்சுக் குழாயையும் உறுத்தக் கூடியது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. சுங்கானைப் புகைப்பவருக்கு மட்டுமல்ல, செய்பவருக்கும் ஆபத்து உண்டு. புகைப்பவருக்கான எச்சரிக்கை புகையிலை உறையில் அச்சாகிறது. செய்பவருக்கு அப்படி எதுவும் இல்லை.

மரத்துக்கு வந்த தடை:

வரிக்கு முன்பே இத்தொழிலாளர்களுக்கு ஓர் அடி விழுந்திருந்தது. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' உடன்படிக்கையின் மாநாடு 2016-இல் ஜோஹன்னஸ்பர்கில் நடைபெற்றது. ஈட்டியும் சீஷமும் அடங்கிய 'டால்பெர்ஜியா' இனம் முழுவதையும் அம்மாநாடு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஈட்டி மரத்துக்குப் பாதுகாப்பு தேவை என்பதில் ஐயமில்லை. தமிழ்நாடு அதற்கென 1994-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் சீஷம் வட இந்தியாவில் சாலையோரத்திலும் வயல் வரப்பிலும் வளர்க்கப்படும் மரம். அதையும் அதே பட்டியலில் அடைத்ததுதான் சிக்கல். சீஷத்தை நீக்க வேண்டும் என்று 2019-இல் ஜெனீவா மாநாட்டில் இந்தியா வைத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை.

பட்டியலில் சேரும் முன் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாயாக இருந்த இத்தகைய மரப்பொருள் ஏற்றுமதி, அதன்பின் 500 முதல் 600 கோடி ரூபாயாகச் சரிந்தது என்றும், ஏறத்தாழ 50,000 கைவினைஞர்களின் வாழ்வு பாதிக்கப்பட்டது என்றும் மத்திய அரசே 2022-இல் தெரிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில் பனாமா மாநாட்டில் ஓரளவு நிவாரணம் கிடைத்தது. ஒவ்வொரு பொருளிலும் உள்ள மரத்தின் எடை 10 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், ஒரே சரக்கில் எத்தனை பொருள்களையும் அந்த உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அனுப்பலாம் என்று விளக்கம் தரப்பட்டது. சில நூறு கிராம் எடையுள்ள சுங்கானுக்கு இதனால் வழி பிறந்தது. மூன்று ஆண்டுகள் கழியுமுன் உள்நாட்டில் வரி உயர்ந்தது.

ஐந்நூறு ரூபாய்க் கணக்கு:

ரூ.500 விலையுள்ள ஒரு மரச் சுங்கான் முன்பு வரியுடன் ரூ.640-க்கு விற்றது. இப்போது ரூ.700. அதே விலையுள்ள கைவினை மரப் பொம்மை முன்பு 12 சதவீத வரியுடன் ரூ.560, இப்போது ரூ.525. இரண்டுக்கும் இடையே 80 ரூபாயாக இருந்த வித்தியாசம் 175 ரூபாயாகியுள்ளது.

ஆண்டுக்கு ரூ.40 லட்சத்துக்குக் குறைவாக வணிகம் செய்யும் சிறு உற்பத்தியாளர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஏற்றுமதிக்கும் வரிச்சுமை இல்லை. எனவே பாதிப்பு இல்லை என்று வாதிடலாம். ஆனால் பட்டறைக்காரரிடம் வாங்கி விற்கும் வணிகர் வரி செலுத்தியாக வேண்டும். கூடுதல் வரியை வாங்குபவர் ஏற்காவிட்டால், அந்த வணிகர் கை வைக்கக் கூடிய ஒரே இடம் தொழிலாளியின் கூலி.

கையால் செய்த பொருளையும் இயந்திரப் பொருளையும் பிரித்துப் பார்க்க அரசுக்குத் தெரியாமலில்லை. 2018 ஜூலையில் வெளியான ஜிஎஸ்டி அறிவிக்கை, கைவினைப் பொருள் எது என்பதற்கு விளக்கம் தந்து, நீண்ட பட்டியலும் வெளியிட்டது. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடி மரப் பொம்மை, கர்நாடகத்தின் சென்னபட்டணம் பொம்மை, நமது தஞ்சாவூர் பொம்மை ஆகியவை அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. சுங்கான் அதில் இல்லை. ஆயிரக்கணக்கான ரூபாய் விலையுள்ள வெளிநாட்டு பிரையர் சுங்கானுக்கும், குர்லாவில் கடையும் சீஷம் சுங்கானுக்கும் சட்டத்தின் முன் ஒரே தட்டு.

பீடிக்கு ஒரு நீதி:

இதே கூட்டம் பீடியின் மீதான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், பீடி இலையின் வரியை 18-இலிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. உடல்நலமே அளவுகோல் என்றால் இதற்கு விளக்கம் இல்லை. எரிந்து நுரையீரலுக்குள் போவது பீடி. சுங்கான் வெறும் மரம். அதில் இடும் புகையிலைக்குத் தனி வரி உண்டு. 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் அட்டவணையிலும் சுங்கான் புகையிலைதான் இருக்கிறது, சுங்கான் இல்லை.

உண்மையான காரணம் வேறு. நாட்டில் பதிவு பெற்ற பீடித் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 50 லட்சம் பேர். பெரும்பாலோர் பெண்கள். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் எத்தனை குடும்பங்களின் அடுப்பு பீடித் தட்டை நம்பி எரிகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1966-இல் அவர்களுக்கெனப் பணிச் சட்டமும், 1976-இல் நல நிதியும் வந்தன. அவர்களுக்குச் சங்கம் உண்டு. தேர்தல் நேரத்தில் அவர்களைத் தேடி வரும் கட்சிகள் உண்டு. வரிக் குறைப்பைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் சங்கமும் வாக்கு எண்ணிக்கையும் இல்லாத கடைசல் தொழிலாளிக்கு வேறு நீதி வழங்கப்பட்டிருக்கிறது என்பதை மறைக்க முடியாது.

மாற்று வழி யார் பொறுப்பு?

புகையிலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. 2016-17-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதோவொரு வடிவில் புகையிலை பயன்படுத்துகின்றனர். சுங்கான் புகைத்தால் தீங்கு குறைவு என்ற நம்பிக்கை தவறு. வாய்ப் புற்றுநோயும் நுரையீரல் புற்றுநோயும் அதனாலும் வருகின்றன. மகாராஷ்டிரம் 2018-இல் ஹூக்கா கூடங்களைத் தடை செய்தது. தமிழகச் சட்டப் பேரவையும் 2022-இல் அத்தகைய திருத்தத்தை நிறைவேற்றியது. சுங்கான் என்ற பொருளே ஒருநாள் வழக்கொழிந்து போகலாம். போனால் வருந்த வேண்டியதில்லை.

ஆனால் இந்தியா 2004-இல் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை வரியை மட்டும் சொல்லவில்லை. அதன் 6-ஆவது பிரிவு வரியைப் பற்றியது என்றால், 17-ஆவது பிரிவு, புகையிலையை நம்பி வாழும் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் மாற்றுத் தொழிலுக்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. முதற்பிரிவை நிறைவேற்றும் வேகம் அடுத்த பிரிவில் காணப்படவில்லை. சுங்கான் செய்பவர் புகையிலைத் தொழிலாளியா, தச்சரா என்பதே முடிவாகவில்லை. வரி விதிக்கும்போது அவர் புகையிலைக்காரர். நல உதவி கேட்கும்போது வெறும் தச்சர்.

2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் பொம்மை செய்தலும் உள்ளன. கருவிகளுக்கு ரூ.15,000 உதவியும், 5 சதவீத வட்டியில் ரூ.3 லட்சம் வரை கடனும் அதில் கிடைக்கும். குலத் தொழிலை வலியுறுத்துகிறது என்று அத்திட்டத்தை ஏற்க மறுத்த தமிழக அரசு, 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தை அறிவித்தது. திட்டத்தின் பெயர் எதுவாயினும், சுங்கான் கடையும் கையைப் பொம்மைக்கும் பேனாவுக்கும் திருப்பிவிடுவது கடினமான காரியமன்று. அந்தத் திறமை ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. வேண்டியது பயிற்சியைவிடச் சந்தை, தூளிலிருந்து நுரையீரலைக் காக்கும் கருவி, கடன்.

40 சதவீத வரியால் வரும் வருவாயில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்குமாறு ஜிஎஸ்டி கவுன்சிலில் அமர்ந்திருக்கும் மாநில நிதியமைச்சர்கள் கேட்கலாம். மகாராஷ்டிரமும் உத்தரப் பிரதேசமும் கேட்க வேண்டியவை. தமிழகம் துணை நிற்கக் கூடியது. அதுவரை குர்லாவின் பட்டறையில் கடைசல் ஓடிக்கொண்டிருக்கும். கூலி மட்டும் குறைந்துகொண்டே போகும்.