பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: பெரம்பலூர், அரியலூர்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் பாலிப் எனப்படும் சிறு கட்டிகளிலிருந்து பல ஆண்டுகளில் உருவாகிறது. அவற்றை முன்பே கண்டு அகற்றினால் நோயைத் தடுக்க முடியும்.

இந்திய அரசின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு மட்டுமே 30 வயது முதல் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. பெருங்குடல் அதில் இடம்பெறவில்லை.

பெரம்பலூரிலும், 2007 இல் அதிலிருந்து மீண்டும் தனி மாவட்டமான அரியலூரிலும் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயச் சாகுபடியையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் நம்பிக் கூலி வேலை செய்வோர் பலர். மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். மலத்தில் இரத்தம் வந்தால் மூலம் என்று எண்ணிவிடுவதும், வெளியே சொல்லக் கூச்சப்படுவதும் சிகிச்சையைத் தாமதப்படுத்துகின்றன.

மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனைக்கு வீட்டிலேயே மாதிரி எடுக்கலாம். இதனை ஆண்டுக்கு ஒருமுறை செய்வது வழக்கம். அமெரிக்காவில் ஏழை நோயாளிகளின் வீட்டுக்கே இக்கருவியை அனுப்பியபோது பங்கேற்பு உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை அளவைப் பார்க்கின்றனர். இப்பரிசோதனைக்கும் அதே வழி பொருந்தும். ஆனால் இரத்தம் இருப்பது தெரிந்தால் கொலோனோஸ்கோபி கட்டாயம் தேவை. அது இல்லாவிடில் முதல் பரிசோதனையால் பயனில்லை.

மலத்தில் இரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமற்ற எடை குறைவு, இரத்தசோகை ஆகியவை இருந்தால் எந்த வயதினரும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.