காத்தாடிப் பாடம்

பனையோலைக் கீற்றின் இரு முனைகளையும் எதிரெதிராகச் சற்றே முறுக்கி, நடுவில் கருவேல முள்ளைக் குத்திக் காற்றுக்கு எதிரே பிடித்தால் சுழலும். முறுக்காத ஓலை அசையாமல் நிற்கும். காற்றாலை இறக்கையின் அடிப்படையும் முறுக்கினால் வரும் இந்தச் சாய்வுதான். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அளந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. அதன் பத்தாம் வகுப்பு அறிவியலில் கன்னியாகுமரிக் காற்றாலைகளைப் பற்றிச் சொன்ன ஆற்றல் மூலங்கள் பாடமும், மின்காந்தத் தூண்டல், மின்னியற்றி பகுதிகளும் 2022-23 பாடக்குறைப்பில் நீக்கப்பட்டுவிட்டன. பெரிய இழப்பு இது. அதை ஈடுகட்ட வகுப்பறைச் செய்முறையே வழி.

தேவைப்படுபவை பழைய பொம்மைக் கார் மோட்டார், அட்டை இறக்கைகள், மேசை விசிறி, மல்டிமீட்டர், சிவப்பு எல்.இ.டி. விளக்கு, ரப்பர் பேண்ட், சிறிதும் பெரிதுமாகச் சக்கரங்கள். மோட்டாரின் அச்சைச் சுழற்றினால் அது மின்னியற்றியாகிவிடும். இறக்கையின் சாய்வை 10, 20, 30 பாகை என மாற்றி, ஒவ்வொரு முறையும் வோல்டேஜைக் குறிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். சாய்வோடு நீளத்தையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

பிறகு மோட்டாரில் விளக்கை இணைத்துப் பார்க்கலாம். சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 1.8 வோல்ட் தேவை. இறக்கையை நேரடியாக மாட்டிய மோட்டார் பெரும்பாலும் அவ்வளவு தராது. பொம்மை மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுக்கு ஆனது. அட்டை இறக்கை சில நூறுதான் சுற்றும். பெரிய சக்கரத்திலிருந்து சிறிய சக்கரத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டால் வேகம் கூடும். பல பெரிய காற்றாலைகளில் கியர் பெட்டி இருப்பதும் இதற்காகவே. ஏன் என்று யோசிக்கவைக்கும் அந்த எரியாத விளக்குதான் இந்தப் பாடத்தின் மிகச் சிறந்த பகுதி.

அடுத்தது கணக்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் திறன் எட்டு மடங்காகும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சுழலி வழியே நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாயும் காற்றில் சுமார் 30 வாட் உண்டு. 8 மீட்டரில் 240 வாட். அத்தனையையும் எடுக்க இயலாது. எடுத்தால் காற்று இறக்கைக்குப் பின்னே நகராமல் நின்றுவிடும். உச்சவரம்பு 59.3 விழுக்காடு என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன் கணித்தார்.

கடைசியாக, இறக்கைகளின் எண்ணிக்கை. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் மின்சாரம் தரும் காற்றாலைக்கு மூன்றே இறக்கைகள்; ஆரோவில்லில் தண்ணீர் இறைக்கும் காற்றாலைக்குப் பல. பம்பை இழுக்க மெதுவான, வலுவான சுழற்சி வேண்டும்; மின்னியற்றிக்கு வேகம் வேண்டும். அட்டை இறக்கைகளை மூன்று, ஆறு, பன்னிரண்டு எனக் கூட்டி, அச்சில் நூல் சுற்றி எடை தூக்கவைத்தால், இந்த வேறுபாட்டை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.