காய்ந்தால்தான் பூக்கும்

சீனாவின் மஞ்சள் மண் மேட்டுநிலத்தில் சில இடங்களில் மண்ணே நூறு மீட்டருக்கு மேல் ஆழம். அங்கே மக்கள் அதைக் குடைந்து வீடாக்கிக்கொண்டார்கள். மழைக்கு ஏங்குவதில் ஆந்திராவின் பாகாலாவும் அதற்குப் பங்காளிதான். ஆனால் இங்கே சில அடி தோண்டினாலே பாறை தட்டும்.

சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய கிரானைட் இனப் பாறை அது. மேலே உளுத்த அடுக்கிலும் உள்ளே இருக்கும் விரிசல்களிலும்தான் தண்ணீர் நிற்கும். ஒருவர் போட்ட போரில் தண்ணீர் பீறிடும். பக்கத்து நிலத்துக்காரர் போட்டால் வெறும் தூள் பறக்கும். முன்னோர் அந்தச் சூதாட்டத்துக்கே போகவில்லை. ஓடுகிற மழையை ஏரி கட்டி மறித்தார்கள். ஆற்றையும் நம்ப முடியாது. சுவர்ணமுகி ஆறு இந்தப் பக்கத்துக் குன்றுகளில்தான் பிறக்கிறது. ஆனால் அதன் கரையிலுள்ள காளஹஸ்திக்குப் போகிற பக்தர்கள் ஆண்டில் பல மாதம் பார்ப்பது அதன் மணலைத்தான்.

இந்த வறட்சியைக் காசாக்கத் தெரிந்த மரம் மா. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தோப்புக்குத் தண்ணீர் விடாமல் காயப்போடுவார்கள். ஈரம் இருந்தால் மரம் புதுத் துளிர் விட்டுக்கொண்டே போகும். காய்ந்தால் துளிர் நின்று, கிளை முற்றும். முற்றிய கிளையில் மார்கழிக் குளிர் பட்டதும் நுனி மொட்டு இலையாகாமல் பூங்கொத்தாகிறது. அந்த நேரத்தில் மழை வந்தால் கருகல் பூஞ்சை பிடித்துப் பூ கருத்துக் கொட்டிவிடும். வானம் பார்த்த பூமியில் மேகத்தைக் கண்டு வயிறு கலங்கும் பருவம் இது.

பாகாலாவை அடுத்த தாமலசெருவு மண்டிக்கு ஜூனில் போய்ப் பாருங்கள். டிராக்டர் டிராக்டராகக் கிளிமூக்கு மாங்காய் வந்து இறங்கும். காம்பில் பால் கசிந்து, தோலில் கறுப்புக் கோடு போட்டிருக்கும். சித்தூர் வட்டாரக் கூழ் ஆலைகள் அதை அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. விளைச்சல் கூடினால் விலை சரிந்து, பறிகூலிக்கே கட்டாமல் போவதும் உண்டு.

இந்தப் பக்கம் சுற்றுலா என்றால் எல்லாரும் தலக்கோனா அருவிக்கே கை காட்டுவார்கள். நான் சொல்வது பாகாலாவிலிருந்து தர்மாவரம் போகும் ரயில். ஜன்னலோர இடம் பிடித்தால் போதும். பீலேர், கதிரி என்று மேற்கே போகப்போக மழை குறையும். மாந்தோப்பு விலகி நிலக்கடலைக் கொல்லை வரும், பிறகு மொட்டைப் பாறைக் குன்றுகள். கதிரியில் இறங்கினால் கொஞ்சதூரத்தில் திம்மம்மா ஆலமரம், ஏறத்தாழ ஐந்து ஏக்கருக்கு விழுது இறக்கி நிற்கிறது. 1989-இல் கின்னஸில் ஏறிய மரம்.