வீட்டில் கட்டும் விமானத்துக்கு மூச்சுக்குழாய்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைத் தொட்டியில் நிரப்பி எடுத்துப் போகலாம். காற்றைப் போகிற வழியில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். காருக்கும் விமானத்துக்கும் இது பொது. ஆனால் காற்று வரும் வழி அடைத்துக்கொண்டால் காரை ஓரங்கட்டலாம். மூவாயிரம் அடி உயரத்தில் ஓரங்கட்ட இடமில்லை. அதனால்தான் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் இறக்கைக்கும் வாலுக்கும் காட்டும் அதே அக்கறையை, என்ஜினுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கும் காட்டுகிறார்கள்.

சொந்தமாக விமானம் கட்டுவது அமெரிக்காவில் வெகுகாலமாக வேரூன்றிய பழக்கம். 1953-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபரெஸ்னி தொடங்கிய சோதனை விமானச் சங்கம்தான் அதற்குத் தாய்வீடு. கட்டுமான வேலையில் பாதிக்கு மேல், கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ ஒருவர் தாமே செய்திருந்தால், அந்த விமானத்தைப் பதிவு செய்து பறக்க அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ரிச்சர்ட் வான்குரூன்ஸ்வன் 1973-இல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம், ஓரிகன் மாநிலத்திலிருந்து 'ஆர்வி' வரிசை விமானங்களின் பாகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறது. அவற்றை வாங்கி வீட்டுக் கொட்டகையில் ரிவெட் அடித்துக் கட்டிப் பறந்த விமானங்கள் மட்டும் 11,000-ஐத் தாண்டிவிட்டன.

இவற்றில் பலவற்றில் இருப்பது லைகமிங் ஓ-360 என்ஜின். நான்கு சிலிண்டர், 180 குதிரைத்திறன், கொள்ளளவு 5.9 லிட்டர். நிமிடத்துக்கு 2,700 சுற்றில் ஓடும்போது இது நொடிக்கு நூறு லிட்டருக்கு மேல் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று, மூக்கின் அடிப்பக்கத்திலுள்ள ஒரு வாய் வழியாக நுழைந்து, ஃபில்டர் இருக்கும் காற்றுப்பெட்டிக்குள் போய், என்ஜினின் வயிற்றில் தொங்கும் கார்புரேட்டருக்குள் கீழிருந்து மேலாக ஏறுகிறது. மொத்தப் பாதையும் குறுகியதுதான். அதற்குள்தான் இத்தனை கணக்கும்.

ஓர் அங்குலத்தின் விலை

விமானிகள் என்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் அளக்கிறார்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 30 அங்குலம். மேலே போகப் போக, ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் குறைகிறது. ஆகவே அழுக்கடைந்த ஃபில்டரிலும் கூரான வளைவிலும் ஓர் அங்குலம் இழந்தால், என்ஜினைப் பொறுத்தவரை விமானம் ஆயிரம் அடி கூடுதல் உயரத்தில் பறப்பதாகத்தான் அர்த்தம். அந்த அளவுக்குச் சக்தி போய்விடும்.

இழந்ததை மீட்கவும் வழி இருக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தின் முகத்தில் மோதும் காற்றை முழுமையாகப் பிடித்து நிறுத்தினால் ஒன்றேகால் அங்குலம் வரை அழுத்தம் கிடைக்கும். அதைச் சிந்தாமல் பிடிக்கத்தான் வாயின் உதடு உருண்டையாக இருக்க வேண்டும். உள்ளே போகும் குழாய் மெல்ல மெல்ல அகல வேண்டும். சட்டென்று அகன்றால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழன்று, சேர்த்த அழுத்தத்தை வீணாக்கிவிடும்.

வாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கணக்குப் போட்டால் விடை வியக்கவைக்கிறது. 300 கிலோமீட்டர் வேகத்தில் இந்த என்ஜினுக்கு வேண்டிய காற்று முழுவதும் நாலேகால் சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை வழியாக வந்துவிடும். ஆனால் ஏறும்போது விமானத்தின் வேகம் ஏறக்குறைய பாதிதான். என்ஜினோ முழுச் சக்தியில் ஓடும். அப்போது ஆறு சென்டிமீட்டர் தேவை. எனவே ஏற்றத்துக்குப் போதுமான அளவில் வாயை வைத்து, அதிவேகத்தில் மிஞ்சும் காற்று வெளியே வழிந்து போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

காற்றின் சூடும் முக்கியம். உள்ளே போகும் காற்று ஐந்தரை டிகிரி செல்சியஸ் கூடினால் சக்தியில் ஒரு சதவீதம் குறையும். எக்ஸாஸ்ட் குழாய்களும் சிலிண்டர்களும் கொதிக்கும் இடத்திலிருந்து, அதாவது என்ஜினைச் சுற்றியிருக்கும் மூடிக்குள்ளிருந்து காற்றை எடுத்தால் நட்டம் உறுதி. வெளியிலிருந்து வரும் குளிர்ந்த காற்று நேராகப் பெட்டிக்குள் போக வேண்டும். நடுவில் எங்கும் கசியக் கூடாது.

ஃபோமைச் செதுக்கி, ஃபோமைக் கரைத்து

கடையில் வாங்கிய பெட்டி எல்லா மூடிக்கும் பொருந்தாது. அளவு ஒத்துவராதபோது வாய்க்கும் பெட்டிக்கும் இடையிலான குழாயைக் கட்டுகிறவரே வார்த்துக்கொள்கிறார். தெர்மகோல் வகை ஃபோம் கட்டையை எடுத்து, காற்று போக வேண்டிய வெற்றிடம் எந்த வடிவமோ அந்த வடிவத்தில் கத்தியாலும் உப்புத்தாளாலும் செதுக்குவார். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியைச் சுற்றி எபாக்சி பிசின் பூசுவார். இங்கே பாலியெஸ்டர் பிசின் உதவாது. அது ஃபோமையே கரைத்துவிடும். எபாக்சி இறுகியதும் உள்ளே அசிட்டோனை ஊற்றினால் ஃபோம் கூழாகக் கரைந்து வழிந்துவிடும். மிஞ்சுவது கெட்டியான ஃபைபர் கிளாஸ் குழாய். அதன் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்கும்போது மேடு தட்டினால், காற்றுக்கும் அங்கே தட்டும். அந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

அடுத்தது பொருத்துதல். என்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் அது நன்றாகவே குலுங்கும். மூடியோ விமானத்தின் உடலோடு இறுக்கப்பட்டிருக்கும், அது அசையாது. காற்றுப்பெட்டி என்ஜினோடு ஆடும், காற்று வாய் மூடியோடு நிற்கும். இரண்டையும் விறைப்பாக இணைத்தால் சில மணி நேரத்தில் ஏதாவது ஒன்று விரிசல் விடும். அதனால் நடுவில் இடைவெளி விட்டு, அதை வளையக்கூடிய சிலிகான் ரப்பர் பட்டையால் மூடுகிறார்கள். அந்தப் பட்டையின் விளிம்பு உள்ளே வரும் காற்றால் சுவரோடு அழுந்தும்படி திரும்பியிருக்க வேண்டும். மாறிப்போனால் காற்று வரும்போதெல்லாம் அது மடங்கிக் கசியும்.

ஃபில்டருக்கு அப்பால்

ஃபில்டரைத் தாண்டிய பகுதிக்குத் தனிச் சட்டம் உண்டு. அங்கே ஒரு நட்டு கழன்றாலும் அது நேரே கார்புரேட்டருக்குள் போகும். பாப் ரிவெட்டின் நடுவிலுள்ள ஆணித்துண்டு உதிர்ந்தாலும் அப்படியே. எனவே இந்தப் பகுதியில் மறுமுனையை அடித்துப் பரப்பிய கெட்டி ரிவெட்டுகளையே பயன்படுத்துகிறார்கள். போல்ட்டுகள் கழலாதபடி கம்பியால் கட்டிப் பூட்டுகிறார்கள். ஓட்டை அடைக்கச் சிலிகான் பசையைத் தாராளமாக அப்புவதும் ஆபத்து. பெட்ரோல் பட்டால் அது ஊறி இளகும். பிய்ந்து வந்தால் வழியை அடைக்கும்.

வளையும் குழாய் வேண்டிய இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரே அடுக்குக் குழாயில் கம்பிச்சுருள் உள்பக்கம் தெரியும். உறிஞ்சும் வேகத்தில் அது பிரிந்து வரலாம். என்ஜினுக்குப் போகும் காற்றுக்கு, உள்ளே வழுவழுப்பான இரண்டாம் அடுக்கு கொண்ட குழாய்தான் சரி.

பெட்டியின் மிகத் தாழ்ந்த புள்ளியில் ஒரு சிறு துளையும் வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோலை அதிகமாகச் செலுத்திவிட்டால் அது கார்புரேட்டரிலிருந்து கீழே வழிந்து பெட்டியில் தேங்கும். அந்த நேரம் என்ஜின் பின்னோக்கித் தீயைக் கக்கினால் பெட்டி பற்றிக்கொள்ளும். தேங்காமல் சொட்டிப் போக அந்தத் துளை.

வெயிலிலும் பனிக்கட்டி

கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைந்து குளிர்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது இன்னும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸுக்கு மேல்கூட இறங்கிவிடலாம். காற்றிலுள்ள ஈரம் உறைந்து கழுத்தில் ஒட்டி, வழி சுருங்கிக்கொண்டே வரும். 21 டிகிரிக்குக் கீழே, 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் இந்த அபாயம் மிகுதி. ஆனால் 38 டிகிரி வெயிலில், 50 சதவீத ஈரப்பதத்திலும் பனி பிடிக்கக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பாடநூல் எச்சரிக்கிறது.

இதற்கு மருந்து சூடான காற்று. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு தகரக் கூடு மாட்டி, அதில் சூடாகும் காற்றை ஒரு குழாய் வழியாகக் காற்றுப்பெட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். விமானி காக்பிட்டில் ஒரு குமிழை இழுத்தால் பெட்டிக்குள் ஒரு கதவு திரும்பும். குளிர்ந்த காற்று நின்று சூடான காற்று நுழையும். பனி கரையும்போது தண்ணீர் என்ஜினுக்குள் போவதால் முதலில் என்ஜின் இன்னும் மோசமாகத் திணறும். பயந்துபோய்க் குமிழை உள்ளே தள்ளிவிடக் கூடாது. கொஞ்சம் பொறுத்தால் சுற்று தானாக ஏறும். தொழிற்சாலை விமானங்களுக்கு 2017 வரை இருந்த அமெரிக்க விதி, முக்கால் சக்தியில் ஓடும்போது இந்த ஏற்பாடு காற்றின் சூட்டை 50 டிகிரி செல்சியஸ் கூட்ட வேண்டும் என்றது. வீட்டில் கட்டும் விமானத்துக்கு அந்த விதி கட்டாயமாக இருந்ததில்லை. ஆனாலும் அறிந்தவர்கள் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கதவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சூடான காற்று ஃபில்டரைத் தொடாமல் உள்ளே வரும்படி பெட்டியை அமைத்தால், வெளியே பனி பொழிந்து ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் என்ஜின் நிற்காது. பெட்ரோலைச் சிலிண்டர் வாயிலில் பீய்ச்சும் என்ஜின்களில் கார்புரேட்டர் இல்லை. கழுத்தில் பனி பிடிக்கும் தொல்லையும் இல்லை. இருந்தும் அவற்றிலும் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு மாற்றுக் கதவு வைப்பதற்கு இதுவே காரணம். ஒரு குறை: அந்த வழியில் தூசியும் தடையின்றி வரும். ஆகவே தரையில் ஓடும்போது தேவைக்கு மேல் அதைத் திறந்து வைக்கக் கூடாது.

புதிதாகக் கட்டிய விமானம் வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம் சோதனையாகப் பறந்த பிறகே பயணியை ஏற்றலாம். அந்த நாட்களில் மூடியை அடிக்கடி கழற்றி, பெட்டியில் விரிசல் உண்டா, ரிவெட் தளர்ந்ததா, கதவு முழுக்கத் திரும்புகிறதா, ரப்பர் பட்டை மடங்கியதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கூடுதல் அழுத்தம், கூடுதல் வேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். காற்றுப்பாதையைக் கட்டுகிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வழி அடைத்தால் அடுத்த வழி எது? அதற்கு விடை இல்லாத விமானம், வேறு எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டிருந்தாலும், தரையை விட்டு எழக் கூடாது.